தரகரில்லாமல் வீடு விற்போர் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

தொழுகையில் ஒரு ஸஜ்தா குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் நம்மவர்கள் இமாமிடம் வந்து கேட்டுத் தெளிகிறார்கள். குர்பானி ஆட்டின் காதில் ஒரு கீறல் இருந்தாலும் கேட்கிறார்கள். ஆனால் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோ நடக்கக்கூடிய வீட்டு விற்பனைக்கு மட்டும் மார்க்கம் அறிந்தவரைத் தேடி யாரும் வருவதில்லை. தரகர் இருக்கிறார், பத்திரம் எழுதுபவர் இருக்கிறார், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம்.

இப்போது தரகரையும் விட்டுவிட்டுத் தாமே வீட்டை விற்பவர்கள் பெருகி வருகிறார்கள். 60 லட்சம் பெறும் வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்று தரகு கொடுத்தால் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் போய்விடும். அது மிச்சமாகட்டுமே என்று நினைப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் தரகர் நடுவில் இருக்கும்போது, பேசப்பட்ட பொய்யையெல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கி நிற்கப் பார்க்கிறோம். அவர் இல்லாதபோது அந்தப் போக்கும் இல்லை. வீட்டின் குறையைச் சொல்வதும் மறைப்பதும், பங்குதாரரின் சம்மதத்தைப் பெறுவதும் பெறாமல் விடுவதும், பத்திரத்தில் ஏறும் தொகை மெய்யாவதும் பொய்யாவதும் நம்முடைய நாவிலும் நம்முடைய கையெழுத்திலும்தான் இருக்கின்றன. ஆகவே விற்கப் புகுமுன் இந்தச் சட்டங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தரகு விலக்கப்பட்டதா?

தரகுத் தொழிலே ஹராம் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. வணிகர்களான தங்களை மக்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள் என்றே அழைத்து வந்ததாகவும், நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்களிடம் வந்து ‘துஜ்ஜார்’ என்ற இதைவிட அழகிய பெயரைச் சூட்டியதாகவும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடுவதால் அதனுடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு கூறியதாகவும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்துள்ளது. இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகிய தாபியீன்கள் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் கிரந்தத்தில் குறித்திருக்கிறார்கள்.

விலக்கப்பட்டது வேறு. கிராமத்திலிருந்து சரக்குடன் வருபவனுக்காகப் பட்டணத்துக்காரன் நடுவில் நின்று விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவனுக்குத் தரகனாக நிற்கக் கூடாது என்பதே இதன் பொருள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். சந்தைக்கு வருமுன்பே வழியில் எதிர்கொண்டு சரக்கை வாங்குவதும் தடுக்கப்பட்டது. அப்படி விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து விலையறிந்தபின், விற்றதை முறித்துக்கொள்ள அவனுக்கு உரிமையும் தரப்பட்டது. விலை தெரியாத நிலையில் ஒருவனை மடக்கி முடிக்கும் வியாபாரத்தை ஷரீஅத் விரும்பவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

எனவே தாமே விற்க நினைப்பவர் முதலில் விலையைக் கேட்டறிய வேண்டும். அதே தெருவில் ஓரிரு ஆண்டுகளுக்குள் கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். பதிவுத்துறை வெளியிடும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருக்கும் கணக்கேயன்றிச் சந்தை விலையாகாது. சில தெருக்களில் அது மிகத் தாழ்ந்தும், சில இடங்களில் உயர்ந்தும் இருக்கும்.

இன்னொன்று. ஒரு தரகர் வாங்குபவரை அழைத்து வந்து வீட்டைக் காட்டிச் சென்றபின், மறுவாரம் அந்த வாங்குபவரும் வீட்டுக்காரரும் தரகருக்குத் தெரியாமல் தமக்குள் பேசி முடித்துக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. இதைத் ‘தரகரில்லா விற்பனை’ என்று சொல்வதற்கில்லை. இது பேசிய கூலியை மறுத்ததாகும். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரி ஷரீபில் இருக்கிறது. தரகர் வேண்டாம் என்றால் அவர் வாசற்படி ஏறுமுன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வேண்டும் என்றால் எவ்வளவு கூலி என்பதை அப்போதே பேசிவிட வேண்டும்.

வீடு யாருடையது?

இந்த விஷயத்தில்தான் நம் குடும்பங்களில் அதிகமான ஹராம் நுழைகிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

தம்மிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். வீடு நம் கையில் இருக்கலாம். சாவி நம் மடியில் இருக்கலாம். நாற்பது வருடம் நாமே அதில் குடியிருந்திருக்கலாம். அதனால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது.

தந்தை உயிருடன் இருக்கும்வரை அவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. நம் ஷரீஅத்தில் பிறப்பினால் வரும் பங்கு கிடையாது. அவர் மௌத்தான அந்த நிமிடமே வாரிசுகள் அனைவருக்கும் பங்கு சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பட்டா மாற வேண்டும், வாரிசுச் சான்று வர வேண்டும் என்பதெல்லாம் இல்லை. அவருடைய கடன்கள், மனைவிக்குக் கொடுபடாமல் நின்ற மஹர், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை நீங்கிய மீதியே பங்குக்கு வரும். மஹர் கடன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மனைவியையும், இரு மகன்களையும், மூன்று மகள்களையும் விட்டு மௌத்தானார். வேறு வாரிசு இல்லை. வீடு 80 லட்சத்துக்கு விற்கப்படுகிறது. திருமறையின் அந்நிஸா அத்தியாயத்திலுள்ள பங்கு முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 10 லட்சம். மீதி 70 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் வர வேண்டும். ஆக மகன் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம். தாயும் மூன்று சகோதரிகளும் சேர்ந்து பாதி வீட்டுக்கு உரியவர்கள்! வாங்க வந்தவரிடம் “எங்கள் வாப்பா வீடு, நானும் தம்பியும் கையெழுத்துப் போட்டால் போதும்” என்று மூத்த மகன் சொல்வாரானால், அவர் பிறருடைய 40 லட்சத்தையும் சேர்த்து விலை பேசுகிறார் என்று பொருள்.

பங்குதாரரின் அனுமதியின்றி அவர் பங்கை விற்றால், அவர் பின்னால் ஒப்புக்கொள்ளும்வரை அந்த விற்பனை தொங்கலில் நிற்கும் என்பது ஹனபி மத்ஹபு. அப்பங்கின் அளவுக்கு விற்பனை செல்லவே செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபு.

சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டத்தின் பார்வையில் அது போதுமானதாக இருக்கலாம். எப்படி வாங்கினீர்கள் என்பதுதான் மார்க்கத்தின் கேள்வி. ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றிப் பிறருக்கு ஆகாது என்பது ஹதீஸின் கருத்து. கலியாணத்தின்போதுதான் சீர் செய்தோமே, நகை போட்டோமே என்று சொல்லி, மச்சான் முன்னிலையில் காகிதத்தை நீட்டினால் எந்தத் தங்கைதான் மாட்டேன் என்பாள்? நாளைக்குத் தாய்வீடு என்று வந்து நிற்க ஓர் இடம் வேண்டுமே என்ற அச்சத்தில் போட்டுவிடுகிறாள். வெட்கத்தைக் கத்தியாக்கிப் பறித்த பொருள் ஹராம் என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருப்பது இத்தகைய கையெழுத்தைப் பற்றித்தான். மகளுக்கு மனமுவந்து செய்த சீர் அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அல்லாஹ் விதித்தது. ஒன்று மற்றொன்றை அடைக்காது. தந்தை உயிருடன் இருக்கும்போதே “எனக்குப் பங்கு வேண்டாம்” என்று மகளிடம் எழுதி வாங்குவதோ இன்னும் வேடிக்கை. இன்னும் சேராத பங்கை அவள் எப்படி விட்டுக்கொடுப்பாள்?

சகோதரி உண்மையாகவே விட்டுக்கொடுக்க விரும்பினால் தடையில்லை. வீடு என்ன விலைக்குப் போகிறது, தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லி, அந்தத் தொகையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அவள் தம்பிக்குத் திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு. எத்தனை பேர் திருப்பித் தருவார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வாரிசுகளில் சிறு பிள்ளை இருந்தால் மிகவும் கவனம் தேவை. கணவனை இழந்த தாய், பிள்ளைகளை வளர்ப்பவள் தான்தானே என்ற எண்ணத்தில் அவர்கள் பங்குக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு விடுகிறாள். பிள்ளையின் சொத்துக்குத் தந்தை, தந்தை நியமித்தவர், தந்தையின் தந்தை ஆகியோரே வலீ ஆவர். தாய்க்குத் தானாக அந்த அதிகாரம் இல்லை. அவள் விற்றால் பிள்ளையின் பங்கு கைமாறாது என்று 1918 இல் பிரிவிக் கவுன்சிலும் தீர்ப்பளித்துள்ளது. 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுச்செய்து, காப்பாளராக நியமனமும் விற்க அனுமதியும் பெற்ற பிறகே விற்க வேண்டும். நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து வழக்குப் போட்டால் வாங்கியவர் வீதிக்கு வருவார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண் பிள்ளைக்குக் கொடுக்கப்படுவது வழக்கம். அங்கே கணவர் எவ்வளவு செலவு செய்து மாடி கட்டியிருந்தாலும் வீடு மனைவியுடையது. விலை பேச வேண்டியவளும் அவளே. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பும் பவர் பத்திரத்தைக் கொண்டு விற்பதானால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரை பெற வேண்டும். பவர் பெற்றவர் வகீல், அதாவது அமானிதக்காரர். தமக்கே குறைந்த விலைக்கு விற்றுக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. பவர் கொடுத்தவர் மௌத்தாகிவிட்டால் அந்தக் காகிதம் அதோடு செல்லாததாகிவிடும். பிறகு அவருடைய வாரிசுகள் வர வேண்டும்.

கட்டடம் நமதாகவும் மனை பள்ளிவாசல் வக்ஃபாகவும் உள்ள வீடுகளும் உண்டு. அங்கே விற்பதற்கு மனை நம்மிடம் இல்லை என்பதை வாங்குபவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். வங்கியில் அடமானம் இருந்தாலும், ஒத்திக்கு ஆள் இருந்தாலும் அப்படியே. அடமானப் பொருளை அடமானம் பெற்றவரின் சம்மதமின்றி விற்கலாகாது. (வாடகைக்குப் பதிலாகக் கடன் தொகை கொடுத்துக் குடியிருக்கும் இந்த ஒத்தி முறையில் வட்டியின் சாயல் இருப்பதாக ஆலிம்கள் கூறி வருவது தனி விஷயம், இந்தச் சாக்கிலாவது அதைத் தீர்த்துவிடலாம்.)

அண்டை வீட்டாரின் உரிமை

புகாரி ஷரீபில் வீடு விற்ற செய்தி ஒன்று இருக்கிறது. தரகர் யாருமில்லை; விற்பவரே வாங்குபவரின் முன்னால் வந்து நின்றார். நாயகம் (ஸல்) அவர்கள் உரிமையளித்த அபூராஃபிஉ (ரலி), ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் வந்து, அவருடைய வளாகத்துக்குள் தமக்கிருந்த இரண்டு வீடுகளையும் வாங்கிக்கொள்ளும்படி கேட்டார்கள். ஸஅத் (ரலி) முதலில் மறுத்தார்கள். உடனிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்தியபின், 4000 திர்ஹத்துக்கு மேல் தர முடியாது, அதையும் தவணையாகத்தான் தருவேன் என்றார்கள். அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கோ வேறொருவர் 500 தீனார் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு தீனாருக்கு 10 திர்ஹம் என்று கணக்கிட்டால் அது 5000 திர்ஹம். ஆயினும் அருகிலிருப்பவருக்கே முன்னுரிமை என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்த ஒரே காரணத்தால், குறைந்த விலைக்கு, அதுவும் தவணைக்கு, ஸஅத் (ரலி) அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு ‘ஷுஃப்ஆ’ என்று பெயர். ஹனபி மத்ஹபில் முதலில் கூட்டுப் பங்குதாரர், அடுத்துப் பாதை, தண்ணீர் போன்றவற்றில் பங்குள்ளவர், அதன்பின் ஒட்டிய அண்டை வீட்டார் என்ற வரிசையில் இவ்வுரிமை உண்டு. ஷாபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்குதாரருக்கு மட்டுமே உண்டு. எல்லை பிரித்துப் பாதை வகுத்தபின் ஷுஃப்ஆ இல்லை என்னும் ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரம். சென்னை உயர்நீதிமன்றம் 1870 இலேயே இந்த உரிமையை முஸ்லிம்களுக்கான சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. எனவே இங்கே வழக்காடிப் பெறக்கூடியதன்று. ஆனால் நீதிமன்றம் கேட்காததெல்லாம் நம் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. விற்கும் எண்ணம் உறுதியானவுடன் முதலில் உடன் பங்குதாரரிடமும், பிறகு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். “இவ்வளவுக்குக் கேட்டிருக்கிறார்கள். தங்களுக்கு வேண்டுமானால் பத்து நாளில் சொல்லுங்கள்” என்று தவணை வைத்துச் சொன்னால் போதும். பக்கத்து வீட்டார் பதிலும் சொல்லாமல் பிறரையும் வரவிடாமல் இழுத்தடித்தால், தவணை கடந்தபின் விற்பவர் மீது குற்றமில்லை. கேட்காத விலையைக் கேட்டதாகச் சொல்லி மட்டும் அவரை ஏற்றிவிடக் கூடாது. வாங்கும் எண்ணமில்லாத ஆளை நிறுத்தி விலையேற்றும் ‘நஜ்ஷ்’ எப்படி விலக்கப்பட்டதோ அப்படித்தான் இதுவும்.

குறையைச் சொல்லுதல்

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை அறியாதவர் இல்லை. அதை அரிசிக் கடையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பாலாட்டின் மடியைக் கட்டி வைத்து, பால் நிறைந்ததாகக் காட்டி விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தந்தார்கள். மழைக்காலத்தில் ஒழுகும் தளத்தைப் பங்குனி மாதத்தில் சுண்ணாம்படித்துக் காட்டுவது மடியைக் கட்டியது போன்றதே. வெள்ளையடிப்பது தவறில்லை, அழகுபடுத்தலாம். கறையை மறைப்பதற்காக அடித்திருந்தால், எங்கே ஒழுகும் என்று கைநீட்டிக் காட்டிவிட வேண்டும். கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வது, கோடையில் கிணறு வற்றுவது அல்லது உப்பேறுவது, கழிவுநீர்த் தொட்டி நிறைந்து பின்வாங்குவது, பெருமழையில் தண்ணீர் உள்ளே புகுவது எல்லாம் சொல்ல வேண்டியவையே. சென்னையில் 2015 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டை விற்பவர் அதைச் சொல்லாமல் விடலாகாது.

கண்ணுக்குத் தெரியாத குறைகள் இன்னும் பெரியவை. அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மேல் கட்டிய மாடி, பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுவான சுவர், சந்து பற்றிய வழக்கு, சாலை அகலப்படுத்துவதற்காக வந்த அறிவிப்பு, பாக்கி நிற்கும் வீட்டு வரி ஆகியவற்றை வாங்குபவர் நம் வாயாலன்றி எளிதில் அறிய மாட்டார். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டும் என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவும் சொல்கிறது.

“உள்ளது உள்ளபடி, எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல” என்று எழுதி வாங்கிக்கொண்டால் தீர்ந்ததா? அறியாத குறைகளைப் பொறுத்து இதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு. அறிந்தே மறைத்த குறைக்கு எந்த மத்ஹபிலும் பாவம் நீங்காது. வாங்க வருபவர் முஸ்லிமல்லாதவரானால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒருவர் வாதாடக் கேட்டதுண்டு. மோசடி யாருக்குச் செய்தாலும் மோசடியே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் குடும்பக் கஷ்டத்தையும் கடனையும், பணம் எவ்வளவு அவசரம் என்பதையும் வாங்குபவரிடம் விரித்துச் சொல்லும் கடமை நமக்கில்லை. குறை வீட்டைப் பற்றியதாக இருந்தால்தான் சொல்ல வேண்டும். தரகரில்லாமல் விற்பவர்கள் பலர் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கொட்டிவிட்டுப் பிறகு விலை குறைந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள்.

அச்சாரம் வாங்கியபின்

முன்பணம் கைமாறி, இத்தனை மாதத்தில் கிரயம் முடிப்பதென்று ஒப்பந்தம் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். நேரடியாக விற்பவர்கள் வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை விழுங்கிவிடலாமா? ஹனபி, மாலிகி, ஷாபிஈ மத்ஹபுகளில் இந்த நிபந்தனை ஆகாது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஹன்பலி மத்ஹபில் ஆகும். மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ் ஒரு வீட்டை விலைபேசியபோது, கலீபா உமர் (ரலி) சம்மதித்தால் விற்பனை, இல்லையேல் ஸஃப்வானுக்கு ஒரு தொகை என்று பேசிக்கொண்ட செய்தியை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். 1993 இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காலக்கெடு குறிப்பிடப்பட்டிருந்தால் அச்சார விற்பனை கூடும் என முடிவு செய்தது. நம்மில் பெரும்பாலோர் ஹனபிகளும் ஷாபிஈகளும் என்பதால், திருப்பித் தருவதே பேணுதல். வங்கிக் கடன் கிடைக்காமல் பின்வாங்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் 2 லட்சத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன சாதிக்கப் போகிறோம்?

இதைவிட அதிகம் நடப்பது விற்பவர் பின்வாங்குவது. அச்சாரம் வாங்கிய மறுவாரம் இன்னொருவர் 3 லட்சம் கூட்டித் தருவதாக வருவார். ஒருவர் வியாபாரத்தின்மீது மற்றவர் வியாபாரம் செய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. வந்தவர் அதை அறியாதவராக இருக்கலாம், நமக்குத் தெரியுமல்லவா? “பேச்சு முடிந்துவிட்டது” என்று வாசலிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

பத்திரத்தில் எழுதும் தொகை

பேசிய விலை 60 லட்சம், பத்திரத்தில் 35 லட்சம், மீதி ரொக்கமாக. இது ஊரறிந்த வழக்கம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 இலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆக 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுகிறது. அதைக் குறைக்கவே அவர் கெஞ்சுகிறார். விற்பவர், “தீர்வை கட்டுபவர் அவர்தானே, எனக்கென்ன?” என்று கையெழுத்திடுகிறார்.

கொடுக்கல் வாங்கலை நீதியோடு எழுதும்படியும், அதில் எதையும் குறைக்காமலிருக்கும்படியும், விற்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படியும் திருமறையின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. 35 என்று எழுதிய பத்திரத்தில் இருவரைச் சாட்சி போடச் சொல்லும்போது அவர்களையும் பொய்யில் இழுக்கிறோம். பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிவந்த நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பொய்ச்சாட்சியைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள்.

உலகக் கணக்கிலும் இது நஷ்டமே. 2015 ஜூன் முதல் அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவது வருமான வரிச் சட்டத்தில் தடுக்கப்பட்டது; பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க இடமுண்டு. அபராதம் வாங்கியவர் மீதல்ல, விற்றவர் மீது! மேலும், வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும்போது “பத்திரத்தில் 35 தானே” என்று சகோதரியிடம் காட்டுவதற்கும் இந்தக் காகிதம் பயன்பட்டிருக்கிறது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் அதில் 1 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூன் முதல் இருக்கிறது. சொல்வதற்குத் தரகர் இல்லாததால், பணம் குறைகிறதே என்று பதிவாளர் அலுவலக வாசலில் சச்சரவு மூள்வதுண்டு. அது நம் கணக்கில் சேரும் வரியே, முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் இதைவிட மிகுதி. ஒரு தணிக்கையாளரைக் கேட்டுக்கொண்டே விலை பேசுவது நல்லது.

பணம் கைக்கு வந்தபின்

வீட்டையோ நிலத்தையோ விற்றவர் அந்தப் பணத்தை அதுபோன்ற ஒன்றிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் இருக்காது என்னும் கருத்தில் ஸயீத் இப்னு ஹுரைஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ் கலை அறிஞரிடையே பேச்சு உண்டு. இருப்பினும் அனுபவம் அதை மெய்ப்பிக்கிறது. வீடு விற்ற பணம் கலியாண விருந்தாகவும் காராகவும் கரைந்துபோன குடும்பங்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். வருமான வரிச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் சலுகை வைத்திருக்கிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ, அந்த அளவுக்கு லாப வரி இல்லை.

குடியிருந்த வீட்டுக்கு ஜகாத் இல்லை. விற்றுக் கைக்கு வந்த பணத்துக்கு உண்டு. ஏற்கெனவே நிஸாபு உள்ளவருக்கு, அந்தப் பழைய பணத்தின் ஆண்டோடு இதுவும் சேரும் என்பது ஹனபி மத்ஹபு. இதற்குத் தனியாக ஓராண்டு பூர்த்தியாக வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. வேறு வீடு வாங்க வைத்திருக்கிறேன் என்பதால் மட்டும் ஜகாத் விலகிவிடாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கூற்று. கூட்டுச் சொத்தானால் தாயின் பங்குக்குத் தாயும், சகோதரிகளின் பங்குக்குச் சகோதரிகளும் ஜகாத் கொடுக்க வேண்டியவர்கள். அண்ணனின் வங்கிக் கணக்கில் அவர்களுடைய 40 லட்சம் கிடந்தால் அவர்கள் எதிலிருந்து கொடுப்பார்கள்? அவரவர் பெயருக்குத் தனித்தனிக் காசோலையாகவே வாங்குபவரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டால், பதிவு முடிந்த அன்றே அவரவர் பங்கு அவரவர் கைக்குச் சேர்ந்துவிடும்.